நெத்தியில அக்கி வந்தவங்களுக்கு மூளை ரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்கணுமா? இதைப் படிச்சிட்டுப் போங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல எங்க பெரியம்மாவுக்கு நெத்தியில, கண்ணோரத்துல அக்கி வந்துச்சு, மலாய்க்காரங்க காயாப்னு சொல்வாங்கள்ல அதேதான். காவி கரைச்சு எழுதினோம், கொப்புளம் காஞ்சுச்சு, மறந்தே போயிட்டோம். ஆறு வாரம் கழிச்சு காலையில வாய் ஒரு பக்கம் கோணி, கை தூக்க முடியல.

அக்கிங்கறது சின்னம்மை கிருமிதான், நரம்புல பல வருஷம் பதுங்கிக் கிடந்து திரும்பக் கிளம்பும். நெத்தி நரம்போட கிளை மூளை ரத்தக்குழாய்க்கும் போகுது, அது வழியா கிருமி போயி குழாய் சுவரை வீங்க வெச்சா உள்ள ஓட்டை சுருங்கி ஸ்ட்ரோக் வரலாம். வாரக்கணக்கு, மாசக்கணக்கு கழிச்சுக்கூட.

அதனால கை கால் இழுத்தா, பேச்சு குழறினா 999 அடிங்க, போன உடனே "டாக்டர், இந்த தேதியில இவங்களுக்கு அக்கி வந்துச்சு"னு நீங்களே சொல்லுங்க. நாங்க சொல்லல, அவங்களும் கேக்கல, ரெண்டு நாள் போச்சு.

முதல்ல சாதா சிடி ஸ்கேன் எடுப்பாங்க. அது ரத்தக்கசிவு இருக்கான்னு பாக்க, அடைப்பு ஆரம்பத்துல அதுல தெரியாமலே போகலாம், அதனால "சிடி நல்லாருக்கு"ன்னு சொன்னதும் வீட்டுக்குக் கிளம்பிடாதீங்க லா. குழாயைப் பாக்கணும்னா கையில மருந்து ஏத்தி எடுக்குற சிடி ஆஞ்சியோ. உடம்பு சூடாகும், ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரியே இருக்கும், பயப்படவேணாம். கிட்னி வீக்கா இருந்தா, இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டா, முன்னாடி ஊசி மருந்து அலர்ஜி ஆகியிருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

காந்த மெஷின்ல (எம்ஆர்ஐ) ரத்தக்குழாயைப் படம் எடுக்குறது எம்ஆர்ஏ, அதை மருந்து இல்லாமலும் எடுக்கலாம், ஆனா குழாய் சுவர் வீங்கியிருக்கான்னு பாக்குற எம்ஆர்ஐ தனி, அதுக்குப் பெரும்பாலும் மருந்து போடுவாங்க. அக்கி கேஸுல சந்தேகம் அங்கதான், அதையும் எடுப்பீங்களான்னு கேளுங்க. உள்ள புல்லு வெட்டுற மெஷின் காதுக்கிட்ட ஓடுற மாதிரி சத்தம், அரை மணி நேரத்துக்கு மேலகூட அசையாம படுக்கணும். பேஸ்மேக்கர் இருந்தா கண்டிப்பா சொல்லணும். மெட்டி, மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாம் கழட்டணும், பெரியம்மா தாலியைக் கழட்ட மாட்டேன்னு அழுதுட்டாங்க, அப்புறம் மஞ்சக்கிழங்கு கட்டின கயிறு போட்டுத்தான் சமாளிச்சோம். அதனால முதல் நாளே வீட்டுல தயார் பண்ணி வெச்சுக்குங்க.

முதுகுத்தண்டுல தண்ணி எடுக்கணும்னு சொன்னாலும் மறுக்காதீங்க, ரத்தக்குழாயைக் கெடுத்தது அந்தக் கிருமிதானான்னு அதுலதான் பாப்பாங்க, ஆமான்னா அந்தக் கிருமிக்கான அசைக்ளோவிர் மருந்தை ரத்தக்குழாய் வழியா ஏத்துவாங்க.

ஈப்போ ஆஸ்பத்திரிக்கு மாத்தினா ஸ்கேன் படம் அங்க போயிடுச்சான்னு கேளுங்க, இல்லன்னா படத்தைக் கம்ப்யூட்டர் தட்டுல (டிஸ்க்) வாங்கி கையோட கொண்டு போங்க, நாங்க ரிப்போர்ட் பேப்பரை மட்டும் எடுத்துட்டுப் போயி திரும்ப ஓடி வந்தோம்.