இருப்பதை வைத்தே தொழில்: டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சிறுதொழில் தொடங்கப் போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால், லோன் போட்டு மெஷின் இறக்கச் சொல்ல நாலு பேர் வருவார்கள். வீட்டில் இருப்பதை வைத்தே ஆரம்பி என்று சொல்ல ஒருவர் இருப்பார். அந்த ஒருவர் சொல்வதுதான் சரி. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா, தள்ளிப்போகுமா என்பதை வைத்தே வீட்டு வரவுசெலவு போடும் ஊர்கள் இவை. இங்கே மாதத் தவணையைத் தலையில் கட்டிக்கொண்டு தொழிலுக்கு வருவது முதலுக்கே மோசமாகிவிடும்.

ஆனால் இருப்பதை வைத்து ஆரம்பிப்பதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. பெரும்பாலும் ஒரே எண்ணத்திலிருந்துதான் அவை வருகின்றன: "இது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் செலவில்லை."

கிரைண்டருக்கும் கூலி உண்டு

இட்லி மாவு விற்பதையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் இருக்கிறது. 4 கிலோ இட்லி அரிசி, கிலோ 45 ரூபாய் என்றால் 180. ஒரு கிலோ உளுந்து 130. உப்பு, வெந்தயம், கவர் எல்லாம் சேர்த்து 30. ஆக 340 ரூபாய். சுமார் 11 கிலோ மாவு கிடைக்கும். கிலோ 45 ரூபாய்க்குக் கொடுத்தால் 495 வருகிறது. "ஒரு நாளைக்கு 155 ரூபாய் லாபம்" என்று சந்தோஷப்படுவார்கள். உங்கள் கடைத்தெரு விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், கணக்கின் போக்கு மாறாது.

இப்போது நேரத்தைப் பாருங்கள். அந்தக் கிரைண்டரில் ஒரு தடவைக்கு ஒரு கிலோ அரிசிதான் நன்றாக அரைபடும். உளுந்தையும் சேர்த்தால் ஐந்தாறு தடவை, தடவைக்கு அரைமணி நேரம். கழுவ, கரைக்க, கவரில் போட, நாலு தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க இன்னொரு மணி நேரம். கிட்டத்தட்ட நாலு மணி நேர உழைப்பு. அதே நேரம் நடவுக்கோ களை எடுக்கவோ போனால் என்ன கூலி கிடைக்கும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்ரோலும் கரண்டும் இன்னும் கணக்கில் வரவேயில்லை.

அப்புறம் கிரைண்டர். நாள் விட்டு நாள் ஒரு வீட்டுக்கு அரைப்பதற்காகச் செய்தது அது. தினமும் மூன்று மணி நேரம் ஓட்டினால் பெல்ட் தேயும், கல் மழுங்கும், ஒருநாள் மோட்டார் புகையும். கிலோவுக்கு 3 ரூபாயைக் கிரைண்டரின் கூலி என்று தனியாக எடுத்து வையுங்கள். 11 கிலோவுக்கு 33 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் 825, ஒரு வருடத்தில் 9,900. கிரைண்டர் படுத்துவிட்டாலும் அன்றைக்கு வட்டிக்கு அலைய வேண்டாம். இந்த 3 ரூபாயும் உங்கள் உழைப்புக்கான கூலியும் விலைக்குள் அடங்கவில்லை என்றால், விலையை மாற்ற வேண்டும் அல்லது விற்கும் விதத்தை மாற்ற வேண்டும். பதினொரு வீட்டுக்கு ஒவ்வொரு கிலோவாகக் கொண்டுபோவதைவிட, இரண்டு டிபன் கடைக்கு ஐந்தைந்து கிலோவாகக் கொடுப்பதில் அலைச்சலும் பெட்ரோலும் மிச்சம். தையல் மெஷின், மினி வேன், பவர் டில்லர், எதுவானாலும் இதே கணக்குத்தான்.

கையில் இருக்கிறது என்பதற்காகத் தொடக்கூடாதவை

வயலில் பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் வருகிறது. அந்த மோட்டார் கொட்டகையிலேயே ஒரு மாவு மில்லோ செக்கோ போட்டுவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். வேண்டவே வேண்டாம். விவசாய இணைப்பை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வரும் அனுமதியில்லாத பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். வீட்டு இணைப்பில் செய்வதாக இருந்தாலும் எந்த அளவு வரை சரி என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிராக்டரும் அப்படியே. சொந்த விவசாயத்துக்கு என்று பதிவு செய்த வண்டியில் வாடகைக்குச் செங்கல் ஏற்றி, வழியில் ஒரு விபத்து நடந்துவிட்டால், இன்சூரன்ஸ் கைவிட்டுவிடக்கூடும்.

எடை போட்டு விற்றால் தராசுக்கு முத்திரை வேண்டும். எலக்ட்ரானிக் தராசு என்றால் வருடா வருடம். உணவுப் பொருள் விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். சிறிய அளவில் செய்பவர்களுக்கு வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். தொழிலைப் பதிவு செய்யும் உத்யம் சான்றிதழ் முழுக்க இலவசம். அதற்கு 1,500, 2,000 என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாடி வெயில் வருடம் முழுக்க இல்லை

வடகம், வற்றல், அப்பளம் போடுபவர்களுக்கு மொட்டை மாடியும் வெயிலும்தான் பெரிய மெஷின். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் அந்த மெஷின் நின்றுவிடும். பொங்கலுக்கு வேண்டும் என்று யாராவது கார்த்திகையில் ஆர்டர் கொடுத்தால், சரி என்று முன்பணம் வாங்கிவிட்டு, அரைகுறையாகக் காய்ந்ததைப் பாக்கெட் போட்டு, பூஞ்சை பிடித்து, பெயரைக் கெடுத்துக்கொள்வது அடிக்கடி நடப்பது. பங்குனி, சித்திரையில் போட்டு, ஈரம் ஏறாத டின்னில் அடைத்து வைத்திருப்பவர் மட்டுமே அந்த ஆர்டரை வாங்கலாம்.

டெல்டாவின் காலக்கணக்கு இன்னொரு விதத்திலும் இடறும். நடவு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் உங்களுக்கு உதவியாள் கிடைக்கமாட்டார். ஊரில் பணம் புழங்குவது குறுவை அறுப்பு முடிந்த பிறகும், தை மாசியில் சம்பா அறுப்பு முடிந்த பிறகும்தான். நடுவில் "நெல்லு போட்டதும் தந்துடறேன்க்கா" என்று கடன் கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் நெல் இருந்தால் அவர்களுக்கே பணம் தள்ளிப்போகும். ஆனால் நீங்கள் அரிசிக் கடைக்கு அன்றன்றைக்குக் காசு கொடுக்கிறீர்கள். எனவே ஒரு வீட்டுக்கு இவ்வளவு வரைதான் கடன் என்று முதல் நாளே சொல்லிவிடுவது இரண்டு பக்கமும் மரியாதை.

இருப்பது எது என்று பார்க்கத் தெரியாதது

கருவி என்றாலே இரும்பு என்று நினைப்பதும் தவறுதான். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லைப் பரப்பியபோது கையில் இருந்தது விதையும் விவசாயிகளின் நம்பிக்கையும். 2 கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணம் கைமாறாமலே மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் ஊர் ஊராகப் போயின. உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும்: கோயில் விசேஷத்துக்கு நூறு பேருக்குச் சமைத்த கை, கும்பகோணம் மார்க்கெட்டில் அப்பாவுக்கு இருக்கும் பழக்கம், மாலையில் சும்மா கிடக்கும் நெல் களம். அதை ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் பக்கத்துத் தெருவில் ஓடுகிறதே என்று அதே தொழிலை எடுப்பதால்தான் ஒரே தெருவில் மூன்று மாவுக் கடை வருகிறது.

போனும் பெரிய கருவிதான். ஆனால் வீட்டுக் கணக்குக்கும் வியாபாரத்துக்கும் ஒரே க்யூஆர் வைத்திருந்தால், மாதக் கடைசியில் எவ்வளவு வந்தது, எவ்வளவு மளிகைக்குப் போனது என்றே தெரியாது. வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு, ஒரு நாற்பது பக்க நோட்டு, இது போதும். வாடிக்கையாளர்களின் நம்பரை அந்த நோட்டிலும் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் வியாபாரமும் சேர்ந்து தொலையக்கூடாது.

மெஷின் எப்போது வாங்கலாம்?

மானியம் கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். சிறு உணவுத் தொழிலுக்கான மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் அது கையில் காசாக வருவதில்லை. கடனோடு சேர்ந்து வருவது. தவணையை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆர்டர் இல்லாமல் வாங்கிய மெஷின், யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான்.

அதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனத்தில் (நிஃப்டெம்) அங்குள்ள இயந்திரங்களைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்திப் பொருள் தயாரிக்க வசதி இருக்கிறது. உழவு, அறுவடை இயந்திரங்களை வேளாண் பொறியியல் துறையிடம் வாடகைக்கு எடுக்கலாம். வந்த ஆர்டரைச் செய்ய முடியாமல் திருப்பி அனுப்பியதை நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டே வாருங்கள். அறுப்புக் காலத்தில் மட்டுமல்லாமல், காசு புழங்காத வைகாசி, ஆனியிலும் அந்தக் குறிப்பு விழுகிறது என்றால் வங்கிக்குப் போகலாம். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.