ரொறன்ரோவில் இருந்து ஊர்ப் படலை வரை: ரிக்கெற் போடும் முன் ஒரு கணக்கு

ஊருக்குப் போகிறோம் என்றதும் "எத்தனை மணித்தியாலப் பறப்பு?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் இருந்து கொழும்புக்கான கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் என்று வைத்துப் பிரித்தால் பதினைந்தரை மணித்தியாலம் வரும். அதை நம்பி வீட்டுக்குச் சொல்லிவிடாதீர்கள். நேரடி விமானம் கிடையாது, எங்கேயாவது இறங்கி மாறத்தான் வேண்டும்.

டுபாயால் போவது பெரிய சுற்று என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உண்மையில் ரொறன்ரோ - டுபாய் 11,080, டுபாய் - கொழும்பு 3,290 கிலோமீற்றர் அளவில் வரும். கூட்டிப் பாருங்கள், மேலதிகம் 400கூட இல்லை. பிள்ளைகளின் உலக உருண்டையில் ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அது கிரீன்லாந்துக்கு மேலால் ஏறி ரஷ்யா வழியாக இறங்கும். சுவர்ப் படத்தைப் பார்த்துத் தூரத்தை மட்டுக்கட்டினால் கணக்குப் பிழையாகிவிடும்.

நேரத்தைத் தின்பது இடைத்தங்கல்தான். இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைந்தால் நான் எடுக்க மாட்டேன், முதல் விமானம் பிந்தினால் ஓட வேண்டும். எட்டு மணித்தியாலம் என்றால் வயதானவர்களுக்குக் கால் வீங்கும். மூன்று, நான்கு நல்லது.

அடுத்தது திகதி. இலங்கை நேரம் ரொறன்ரோவைவிடக் கோடையில் ஒன்பதரை, குளிரில் பத்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கும். கோடையில் வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறி, மொத்தப் பயணம் 20 மணித்தியாலம் என்றால், இறங்குவது ஞாயிறு அதிகாலை 3.30. முதல் தடவை நான் "ஞாயிறு வாறன்" என்று மட்டும் சொன்னேன். என்னை ஏற்ற வேண்டிய வான் வண்டி ஞாயிறு பின்னேரம் வந்தது! அதுவரை சூட்கேசுக்கு மேல் குந்தியிருந்தேன். அதனால் "சனி இரவு முடிந்து ஞாயிறு விடிய முன்" என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.

கட்டுநாயக்காவோடு பயணம் முடிவதில்லை. யாழ்ப்பாணத்துக்கு வானில் இன்னும் ஏழு, எட்டு மணித்தியாலம். ஸ்காபரோ வீட்டைப் பூட்டியதில் இருந்து கொடிகாமத்துப் படலையைத் திறக்கும் வரை 30 மணித்தியாலத்துக்கு மேல் என்று எழுதி வையுங்கள். சென்னையால், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்குப் போகும் வழியும் உண்டு. அது ஒன்றேகால் மணித்தியாலம்தான், ஆனால் சிறிய விமானம், பொதி அளவை முதலே பாருங்கள். தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் வெளியே வந்து பொதியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். கனேடியக் கடவுச்சீட்டுக்கு அதற்கு இந்திய விசா வேண்டும்.

திரும்பும்போது எதிர்க்காற்று. டுபாயில் இருந்து ரொறன்ரோவுக்கு, போனதைவிட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூட எடுக்கும். ஏறிய நாளிலேயே வந்து இறங்குவதால் அடுத்த நாள் வேலைக்குப் போகலாம் போலத் தோன்றும். விடிய இரண்டு மணிக்கே முழிப்பு வந்து பசிக்கும். ஒரு நாள் கூடுதலாக லீவு போடுங்கள்.