மிக் (MIG) வெல்டிங்கில் அதே ஆம்பியரில் அதிகக் கம்பியை உருக்க

கம்பி உருகும் வேகம் போதவில்லை என்றால் பலரும் ஆம்பியரைத்தான் ஏற்றுவார்கள். நான் முதலில் பார்ப்பது, கான்டாக்ட் டிப்புக்கு (டார்ச் முனையில் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு குழாய்) வெளியே கம்பி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை. அந்த நீளம் முழுக்க மின்சாரம் ஓடுவதால், ஆர்க்கை (கம்பியை உருக்கும் மின்வில்) எட்டும் முன்பே கம்பி சூடேறிவிடுகிறது.

1.2 மி.மீ. சாலிட் கம்பியில் (உள்ளே பொடி இல்லாத முழுக் கம்பி), உருகியது நுண்துளிகளாகப் பாயும் ஸ்ப்ரே முறையில் ஓட்டுகிறீர்களா? நீளத்தை 15 மி.மீ.யிலிருந்து 20 மி.மீ.க்குக் கொண்டு போங்கள். மீட்டரில் ஆம்பியர் இறங்கும், பதற வேண்டாம். பழைய அளவு வரும்வரை வயர் ஃபீடை, அதாவது கம்பி வரும் வேகத்தை, கூட்டுங்கள். கம்பி வந்து குத்தி, படபடவென்று தெறித்தால் வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அவ்வளவுதான், அதே ஆம்பியரில் கூடுதல் கம்பி உருகும்.

ஆனால் அடி உலோகத்துக்குள் ஊடுருவல் குறையும். அதனால் இணைப்பின் அடியில் முதலில் போடும் ரூட் பாஸில் இதைச் செய்யவே மாட்டேன், அதன் மேல் நிரப்பும் ஃபில் பாஸுக்கு மட்டும்தான். இன்னும் நீட்டிக்கொண்டே போனால் கேஸ் காப்பு போய் வெல்டில் துளை விழும்.

அப்புறம் டிப். ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டால் கம்பி தொடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆம்பியரும் ஆடும். யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

டார்ச்சை நெகட்டிவ்வில் போட்டால் கம்பி இன்னும் வேகமாக உருகும் என்பது உண்மைதான். ஆனால் சாலிட் கம்பியில் அப்போது ஆர்க் நிலையில்லாமல் அலையும், பெரிய துளிகளாகத் தெறிக்கும். நான் பாசிட்டிவ்வை விட்டு நகர்வதில்லை.