பழைய பிவிசி லைனில் கிளை எடுத்தது: என் அனுபவம்
வாஷிங் மெஷினுக்காக முக்கால் அங்குல பிவிசி லைனில் ஒரு டீ (T வடிவ மூவழி இணைப்பு) சேர்க்க வேண்டியிருந்தது. வெட்டிய பிறகுதான் சிக்கல் புரிந்தது. இருபக்கமும் கிளாம்ப் அடித்த பைப் துளியும் விலகவில்லை; டீயின் ஒரு வாய் ஏறினால் மறுவாய் ஏறாது. கடைசியில் ஒரு பக்கம் யூனியன் (இரு பாதிகளாகப் பிரித்து முறுக்கி மாட்டும் இணைப்பு) போட்டேன். அதன் இரு பாதிகளையும் தனித்தனியாக ஒட்டி, நேராக வைத்து முறுக்கினால் போதும், பைப்பை இழுக்க வேண்டியதில்லை.

முதல் முறை ஈரத்தோடு சால்வென்ட் (பிவிசி பசை) தடவியதால் கசிந்தது. தொட்டி வால்வை மூடியும் சொட்டு நிற்கவில்லை. சரி என்று கீழ்க்குழாயைத் திறந்து லைனை முழுக்க வடித்தேன். அப்புறம் பைப்பை நன்றாகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டி, இரவு முழுக்க விட்டேன். காலையில் தண்ணீர் திறந்தபோது இணைப்பு காய்ந்தே இருந்தது. கிளையில் தண்ணீரைத் தனியாக மூட ஒரு பால் வால்வும் (ball valve) வைத்திருக்கிறேன்.