கனமான பேலட்டுக்கு மட்டும் எடை குறைந்த கதை

பெங்களூரில் விமானக் கார்கோ கிடங்கில் வேலை. ஓசூர் ரோஜாப்பெட்டி ஏற்றிய பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கும் பலகையை, தரைத் தராசில் வைத்தால் ஏர்வே பில்லில் (விமானச் சரக்குச் சீட்டில்) இருக்கும் எடையைவிட 15, 20 கிலோ குறைந்தது. விமானத்தின் எடைக் கணக்கே இந்த எண்ணில்தான் நிற்கிறது, விட முடியாது.

மூன்று நாள் பெட்டிகளை எண்ணினோம், கேபிள் மாற்றினோம். 20 கிலோ எடைக்கல் வைத்தால் அச்சாகச் சரி!

“அண்ணே, லேசான சரக்குக்கு ஒன்றும் ஆகலையே,” என்றான் சேலத்துத் தம்பி. அப்புறம்தான் பொறி தட்டியது. பாரம் ஏறினால் தட்டு நூலளவு இறங்கும். டார்ச் அடித்தேன். தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல்நீள மரச்சிம்பு. சுருண்ட பிளாஸ்டிக் உறை அதை மறைத்திருந்தது. தட்டு இறங்கியதும் பாரத்தில் ஒரு பங்கு அது வழியே சட்டத்துக்குப் போயிருக்கிறது. கம்பியால் நெம்பி எடுத்தேன். அதே பேலட், எடை சரி. அப்பாடா! இப்போது ஷிஃப்ட் ஏறியதும் முதலில் அந்த இடுக்கைத்தான் பார்க்கிறேன்.