லோடு டெஸ்ட் டிராஃபிக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சிபியு கோரை 8லிருந்து 32 ஆக்கிப் பார்த்துவிட்டோம், வேகம் கொஞ்சமும் ஏறவில்லை." இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. உடனே ரிசீவரை, அதாவது பாக்கெட்டுகளை வாங்கும் புரோகிராமைப் பிரித்துப் போட்டு, லாக் (ஒரு கோர் மற்றதைக் காக்க வைப்பது) எங்கே, மெமரி எங்கே என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்ததுதான். சோதனை டிராஃபிக்கை ஜெனரேட்டர் எப்படி உருவாக்கியது என்று மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தவறான ஐபி, ஃபயர்வால் மாதிரியான சங்கதிகளை விட்டுவிடுகிறேன். அவற்றில் சோதனையே ஓடாது, தானாகத் தெரிந்துவிடும். சோதனை ஒழுங்காக ஓடி, நம்பும்படி ஒரு எண்ணும் வந்து, அது பொய்யாக இருக்கிற இடங்கள்தான் இங்கே.

எல்லா பாக்கெட்டும் ஒரே கியூவில் விழுவது

வரும் பாக்கெட்டுகளை நெட்வொர்க் கார்டு பல கோர்களுக்குப் பங்கிடும் முறைக்கு ஆர்எஸ்எஸ் என்று பெயர். அனுப்பும் பக்கம், பெறும் பக்கம் இரண்டின் ஐபி, போர்ட் ஆகியவற்றைப் பொதுவாக ஒரு ஹாஷில் (எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாக்கும் கணக்கு) போடும்; பெரும்பாலும் அது டோப்ளிட்ஸ் ஹாஷ். வரும் விடையின் கடைசி சில பிட்டுகளை வைத்து ஓர் அட்டவணையைப் பார்த்து, எந்தக் கியூ (ஒரு கோருக்கு உரிய வரிசை) என்று முடிவு செய்யும். ஒரே ஃப்ளோவின் (ஒரே ஐபி, போர்ட் ஜோடிகளுக்கு இடையிலான ஓட்டம்) பாக்கெட்டுகள் எப்போதும் ஒரே கியூவுக்குத்தான் போகும். வரிசை கலையக் கூடாது என்பதற்காகவே அப்படி. ஆகவே ஒற்றை ஃப்ளோவை எவ்வளவு வேகமாக அடித்தாலும் வேலை செய்வது ஒரு கோர்தான்.

இதுவரை பலருக்கும் தெரியும். "அதனால்தான் போர்ட்டை மாற்றி மாற்றி அனுப்புகிறோமே" என்பார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

ஒரு குழு யூடிபியில் (இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் முறை) ஆயிரக்கணக்கான சோர்ஸ் போர்ட்களில் டிராஃபிக் அனுப்பியது. ஐபி ஜோடி ஒன்றுதான். கோர்வாரியாக வேலையைக் காட்டும் எம்பிஸ்டேட்டில் ஒரு கோரின் சாஃப்ட் பத்தி (பெரும்பாலும் லினக்ஸ் பாக்கெட்டைக் கையாளச் செலவிடும் சதவீதம்) 100ஐத் தொட்டு நிற்கிறது, மற்ற கோர்கள் எல்லாம் சும்மா கிடக்கின்றன. அதைப் பார்த்தும் ரிசீவரில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, ரிசீவருக்குள் இருக்கும் கியூவை லாக் இல்லாமல் திரும்ப எழுத ஆரம்பித்தார்கள்; வாரக்கணக்கில் வேலை நடந்தது. கார்டின் அமைப்பையும் எண்ணிக்கையையும் காட்டும் ஈத்டூலில் கியூவாரியாக பாக்கெட் எண்ணிக்கையைக் கேட்டபோது கியூ 3ல் மட்டும் கோடிகள், மற்றவற்றில் ஏஆர்பி மாதிரி பின்னணிச் சில்லறை பாக்கெட்டுகள்.

காரணம் எளிது. பல கார்டுகள் யூடிபிக்கு இயல்பாகவே ஐபி இரண்டை மட்டும்தான் ஹாஷில் எடுக்கும், போர்ட்டைச் சீண்டாது. யூடிபி பாக்கெட் துண்டுகளாக உடைந்தால் முதல் துண்டில்தான் போர்ட் இருக்கும்; போர்ட்டையும் சேர்த்தால் துண்டுகள் வேறு வேறு கியூவுக்குச் சிதறும். லினக்ஸில் ஈத்டூல் மூலம் யூடிபி4 ஹாஷை "எஸ்டி" (sd) என்பதிலிருந்து "எஸ்டிஎஃப்என்" (sdfn) என்று மாற்றினால் போர்ட்களும் கணக்கில் வரும். ஒரே ஒரு கமாண்ட். அதற்காக வாரக்கணக்கில் புரோகிராம் எழுதியிருக்கிறார்கள்!

இன்னொரு வலை இதைவிட நுட்பமானது. டோப்ளிட்ஸ் முழுக்க எக்ஸ்ஓஆர் கணக்கு; ஒரே எண் இரண்டு முறை வந்தால் பூஜ்யமாகிவிடும். போக்கும் வரத்தும் ஒரே கோருக்கு வரட்டும் என்று சிலர் 6டி5ஏ என்ற 16 பிட்டைத் திரும்பத் திரும்ப அடுக்கிய ஹாஷ் கீயைப் போடுவார்கள். அந்தக் கீயோடு சோர்ஸ் போர்ட், டெஸ்டினேஷன் போர்ட் இரண்டையும் ஒரே எண்ணாக வைத்து 5000-5000, 5001-5001 என்று ஏற்றிப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஹாஷ் அசையவே அசையாது. ஆயிரம் ஃப்ளோ, ஒரே கியூ.

நேரெதிரான தவறும் உண்டு. சோர்ஸ் ஐபியைக் கண்டபடி ரேண்டமாக்கினால் எல்லா கியூவும் அழகாகச் சமமாக நிரம்பும். நிஜத்தில் உங்கள் ரிசீவருக்கு வருவது நாலைந்து தடித்த டனல்கள் (பல ஃப்ளோக்களை ஒரே ஐபி ஜோடிக்குள் அடக்கி வருபவை) என்றால் அந்தச் சமநிலை வெறும் காட்சிதான். எதை அனுப்பினாலும் சரி, முதலில் கியூவாரி எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அப்புறம் வேகத்தைப் பேசுங்கள்.

ஜெனரேட்டருக்கே மூச்சு வாங்குவது

டிராஃபிக் அனுப்பி வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3ல் எத்தனை இணை ஸ்ட்ரீம் கொடுத்தாலும், 3.16 பதிப்புக்கு முன்பு எல்லாம் ஒரே த்ரெட்டில்தான் ஓடும். அனுப்புகிற பக்கம் ஒரு கோர் 100ல் நிற்கும்போது ரிசீவரை அளந்து என்ன பயன்?

டிசிபியில் புதிய கனெக்‌ஷன் வேகத்தை அளப்பவர்களுக்கு வேறு சுவர். லினக்ஸில் இயல்பான தற்காலிக போர்ட்கள் 32768 முதல் 60999 வரை, அதாவது 28,232. கிளையன்ட் முதலில் மூடினால் ஒவ்வொன்றும் 60 விநாடி டைம்வெயிட்டில் (மூடிய பிறகும் போர்ட் விடுபடாத நிலை) கிடக்கும். வகுத்துப் பாருங்கள்: ஒரு ஐபியிலிருந்து சர்வரின் ஒரு போர்ட்டுக்கு, நொடிக்குச் சுமார் 470. அதற்கு மேல் ஏறாததற்கு சர்வரைத் திட்டிப் புண்ணியமில்லை. சோர்ஸ் ஐபியைக் கூட்டுங்கள்.

பெரிய பாக்கெட்டை மட்டும் அனுப்புவது

10 கிகாபிட் லைனை 1518 பைட் ஃப்ரேமால் நிரப்ப நொடிக்குச் சுமார் 8.12 லட்சம் பாக்கெட் போதும். 64 பைட் என்றால் 1.488 கோடி; ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67.2 நானோவிநாடி. ரிசீவருக்குச் செலவு பெரும்பாலும் பாக்கெட் கணக்கில்தான், பைட் கணக்கில் அல்ல. "10 கிகாபிட் தாங்கியது" என்று எழுதும்போது பாக்கெட் அளவையும் பக்கத்தில் எழுதுங்கள்.

பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புவது

ரிசீவர் திணறினால் ஜெனரேட்டரும் மரியாதையாகக் காத்திருக்கும். தாமதமே பதிவாகாது. நிஜ உலகம் காத்திருக்காது; நேரம் வந்தால் அனுப்பிக்கொண்டே இருக்கும்படி அமையுங்கள்.

லூப்பேக்கில் சோதிப்பது

பாக்கெட் அதே கணினிக்குள்ளேயே சுற்றுகிறது; கார்டைத் தொடவே இல்லை.

ஐந்து விநாடி ஓட்டம்

பாக்கெட்டுகள் காத்திருக்கும் பஃபர் நிரம்பும் முன்பே முடிந்துவிடும்.

டிராப்பை ஓரிடத்தில் மட்டும் எண்ணுவது

பாக்கெட் மூன்று இடங்களில் தொலையலாம்: கார்டின் ரிங்கில் (கார்டு பாக்கெட்டை வைக்கும் வரிசை), கெர்னலின் பேக்லாக்கில் (லினக்ஸின் உள் வரிசை), சாக்கெட்டின் பஃபரில் (புரோகிராம் படிக்கும் இடம்). முதலாவது ஈத்டூலில் தெரியும், இரண்டாவது லினக்ஸின் சாஃப்ட்நெட் ஸ்டாட் ஃபைலில், மூன்றாவது யூடிபி எண்ணிக்கையில் ரிசீவ் பஃபர் பிழையாக. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சாக்கெட் எண் மட்டும் ஏறினால் கார்டை நோண்ட வேண்டாம். படிக்கிற த்ரெட் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள்.