மூடுபனி ஊரில் டிபிபி பூசும் முறை

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து வாட்டும் மாடியில்தான் அப்பாவுக்கு வேலை. அங்கே சுவரில் இரண்டு வெப்பமானிகள் அருகருகே தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிட்டால் காற்றில் ஈரம் அதிகம், கொழுந்து வாடாது. ஒளி உணரிகளுக்குப் படலம் பூசும் எனக்கும் இன்று அந்த இரண்டு வெப்பமானிகள்தான் துணை.

என் உணரிகள் பார்ப்பது திரவ ஆர்கனை, அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய ஆர்கன் வாயுவை. அதற்குள் அணுத்துகள் பாய்ந்தால் பிறக்கும் ஒளி 128 நானோமீற்றர் அலைநீளம் கொண்டது. சாதாரணக் கண்ணாடியை அது தாண்டாது. டெட்ராபீனைல் பியூட்டடையீன், சுருக்கமாக டிபிபி, அதை உறிஞ்சி 430 நானோமீற்றர் அளவில் நீல ஒளியாகத் தரும். ஆகவே உணரிக்கு முன்னால் டிபிபி பூசிய தட்டு நிற்க வேண்டும்.

கலவை எளிது. 1 கிராம் டிபிபி, 1 கிராம் பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக், இரண்டையும் கரைக்க 50 மிலிலீற்றர் டொலுயீன். புகைபோக்கிப் பெட்டிக்குள் கலக்குங்கள், பக்கத்தில் நெருப்பே கூடாது. கண்ணாடித் தட்டைக் கழுவி, அல்கஹோலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். விரல் பட்டால் திரும்பவும் கழுவத்தான் வேண்டும்.

சிக்கல் பூசிய பிறகுதான் வரும். ஒரு ஜூன் மாதம் நான் பூசிய தட்டுகள் எல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்தன. டிபிபி கூடிவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் அளவைக் குறைத்துக்கொண்டே போனேன். வெளுப்பு போகவில்லை. அப்புறம் கைநுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஊசி ஊசியாகப் படிகம் இல்லை. வட்ட வட்டமாகச் சிறு குழிகள், சேப்பங்கிழங்கு இலையில் பனித்துளி நின்ற தடம்போல.

காரணம் அந்த ஈரத்துணியில் இருந்தது. துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது குமிழ் குளிர்வதுபோல, டொலுயீன் ஆவியாகும்போது தட்டும் குளிர்கிறது. அறை 20 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்றால் 3 பாகை இறங்கினாலே போதும், காற்றிலுள்ள நீர் படலத்தின்மேல் படிந்துவிடும். எங்கள் மலையில் மே முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் அப்படித்தான். (அதே மாதங்களில் பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கிடக்கும்; அங்கே இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.)

வெளுப்பில் இரண்டு வகை உண்டு என்பதை மறக்காதீர்கள். ஊசிப் படிகம் கூடிய டிபிபியால் வருவது. அது ஒளியைக் கெடுப்பதில்லை, நான் அப்படியே விட்டுவிடுவேன். தெளிந்த படலம்தான் வேண்டும் என்றால் டிபிபியைக் கால்பங்காக்குங்கள். குழி ஈரத்தின் வேலை. அந்தத் தட்டைக் கழுவிவிட்டு மறுபடி பூசுங்கள்.

குழி விழாமலிருக்க, மூடியோடு கூடிய பெட்டியில் காய்ந்த சிலிக்கா ஜெல் பரப்பி, இரண்டு வெப்பமானிகளையும் உள்ளே வையுங்கள். வித்தியாசம் 5 பாகைக்குக் குறைந்தால் நான் பூசமாட்டேன். தட்டை 35 பாகைக்குச் சூடாக்குங்கள்; இறுக மூடிய சுடுதண்ணீர்ப் பையின்மேல் வைத்தால் போதும். திறந்த பாத்திரம் வேண்டாம், ஆவி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பூசியதும் பெட்டியை மூடி மெதுவாகக் காயவிடுங்கள்.

தடிப்பைத் தராசே சொல்லும். 10 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில் 10 மில்லிகிராம் ஏறினால் ஏறத்தாழ 1 மைக்ரோன்.

வெயிலும் புறஊதாவும் டிபிபியை அரித்துவிடும். ஜன்னலில் மஞ்சள் தாள் ஒட்டி, மஞ்சள் விளக்கில் வேலை செய்யுங்கள். புறஊதா டோர்ச்சைக் கணநேரம் மட்டும் அடித்துப் பாருங்கள்: நீலம் எங்கும் ஒரே சீராக ஒளிர்ந்தால் சரி. உடனே அலுமினியத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.